பின்பக்கம் தாழ்ந்தால் முதலில் எடையைப் பாருங்கள்

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் சுங்கை வேயிலிருந்து பத்துமலைக்குக் கிளம்பும் பிக்கப்களைக் கவனித்திருப்பீர்கள். பந்தல் சாமான், சமையல் அண்டா, தண்ணீர்த் தொட்டி என்று மேலே ஒரு சுமை. பின்னால் டிரெய்லரில் ஜெனரேட்டர். வண்டியின் பின்பக்கம் தரையைத் தேடும், முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பந்தல் வாடகைத் தொழிலில் இருப்பதால், எல்டிபி நெடுஞ்சாலையில் கெப்போங் வரை ஏறி எம்ஆர்ஆர்2 சாலையில் பத்துமலைக்குத் திரும்பும் அந்தப் பாதை எனக்குப் பழக்கம். பின்பக்கம் தாழ்ந்த வண்டிக்கு என்ன போடலாம் என்று தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் ஓர் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். டிரெய்லரின் மூக்கு உங்கள் வண்டியின் டோபார் உருண்டைமீது எத்தனை கிலோ அழுத்துகிறது? பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அங்கே இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும். கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். வீட்டுத் தராசிலேயே இதை அளக்கலாம். உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையைக் கட்டைமீதும் மறுமுனையைத் தராசின் மீதும் வையுங்கள். கட்டையிலிருந்து ஓரடி, தராசிலிருந்து இரண்டடி தள்ளி டிரெய்லர் மூக்கை இறக்குங்கள். பலகை மட்டும் இருக்கும்போது தராசு காட்டுவதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கினால் உண்மையான எடை. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும்.

இந்த எடை ஏன் இவ்வளவு முக்கியம்? உருண்டை இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். ஹைலக்ஸின் முன் பின் அச்சுகளுக்கு இடையே 3,085 மில்லிமீட்டர். உருண்டை பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே 150 கிலோ உட்கார்ந்தால் பின் அச்சில் ஏறுவது 150 அல்ல, ஏறத்தாழ 208 கிலோ. மிச்சம் 58 கிலோ முன் அச்சிலிருந்து தூக்கப்பட்டுவிடுகிறது. ஸ்டியரிங் லேசாவதும், மழையில் முன்சக்கரம் பிடிக்காமல் வழுக்குவதும் இதனால்தான். காராக் நெடுஞ்சாலையின் இறக்கத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப் பையான ஏர்பேக்கோ, கூடுதல் ஸ்பிரிங் பட்டையோ பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும். ஆனால் முன் அச்சு இழந்த 58 கிலோவைத் திருப்பித் தராது. அதற்கு, எடையைப் பகிர்ந்து முன்னுக்குத் தள்ளும் கம்பிகள் கொண்ட தனி வகை இணைப்பு வேண்டும். இல்லையேல் சாமானை இடம் மாற்ற வேண்டும். ஜெனரேட்டரை டிரெய்லர் அச்சுக்குச் சற்றே முன்னால் வைத்து, பிக்கப்பில் கனமானவற்றைக் கேபினை ஒட்டி அடுக்கினாலே வண்டி பாதி நிமிர்ந்துவிடும். காசு செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் தாழ்கிறதா? எங்கள் பட்டறைக்காரர் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, வண்டி சும்மா ஓடுற நாள் அதிகமா, சொமையோட ஓடுற நாள் அதிகமா?" பதில் அதில்தான் இருக்கிறது.

தினமும் சுமையோடு ஓடுகிற வண்டிக்கு, கனமான ஸ்பிரிங் பட்டைத் தொகுதியை முழுதாக மாற்றுவதே என் தேர்வு. இருப்பதோடு ஒரு பட்டையை மட்டும் சேர்ப்பது மலிவு, ஆனால் வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். எப்படிச் செய்தாலும் யூ போல்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். அப்சாபரும் புதிய ஸ்பிரிங்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

எப்போதாவது இழுப்பவருக்கு ரப்பர் தாங்கி போதும். அமுங்கும்போது மட்டும் வேலை செய்யும், பராமரிப்பும் கிடையாது.

ஏர்பேக்கின் வசதி, சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. இடப்பக்கப் பைக்கும் வலப்பக்கப் பைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பையின் காற்று மற்றதற்கு ஓடி வண்டி இன்னும் சாயும். ஸ்பிரிங் பட்டை உள்ள பிக்கப்களில் எனக்கு இதில் பெரிய கவலை உண்டு. பட்டை, சுமையைச் சேசிஸில் முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் பிரித்துக் கொடுக்கிறது. காற்றுப் பை அச்சுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுகிறது. பின்னால் அளவுக்கு மீறிய எடையோடு மேடுபள்ளத்தில் ஓடி, கேபினுக்குப் பின்னால் சேசிஸ் வளைந்த பிக்கப்களை ஆஸ்திரேலியாவில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். நவாரா என்பி300 வகைகள் பலவற்றில் பின்னாலும் சுருள் ஸ்பிரிங் என்பதால் அங்கே பை சுருளுக்குள்ளேயே பொருந்தும்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பின் அச்சில் ஒரு கம்பியோடு இணைந்த பிரேக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது சுமையை அறிந்து பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டுகிறது. வண்டியைத் தூக்கிவிட்டால் சுமை இல்லை என்று எண்ணி பலத்தைக் குறைத்துவிடும். ஸ்பிரிங் மாற்றியதும் இதைச் சரிசெய்யத் தெரிந்த பட்டறைக்கே போங்கள். டயரில் உள்ள சுமைக் குறியீட்டு எண்ணையும் பாருங்கள்: 112 என்றால் ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ.

வண்டியின் அமைப்பை மாற்றும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் (ஜேபிஜே) கேட்டுவிடுங்கள், டிரெய்லர் பற்றியும் சேர்த்து. லோரிக் கதவில் "பெராட் டெங்கான் முவாத்தான்" என்று எழுதியிருப்பார்களே, அந்தச் சுமையோடு கூடிய மொத்த எடை வரம்பு உங்கள் பிக்கப்புக்கும் உண்டு. எந்த ஸ்பிரிங்கும் எந்தப் பையும் அந்த எண்ணை ஒரு கிலோ கூட உயர்த்தாது. உங்கள் சுமை அதைத் தாண்டினால் இரண்டு நடையாகப் போங்கள், இல்லையென்றால் மூன்று டன் லோரி ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள்.