பத்துமணிப்பூவின் சிக்கனம்

திருநெல்வேலி வீடுகளின் தொங்கு தொட்டிகளிலும் பாத்தி ஓரங்களிலும் படர்ந்து பூக்கும் பத்துமணிப்பூவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் மலரும், பிற்பகலில் கூம்பிவிடும். ‘டேபிள் ரோஸ்’ என்று அழைத்தாலும் இது ரோஜா இனமன்று. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, நம் பருப்புக்கீரையின் நெருங்கிய உறவு.

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளைய வயலில் நீர் நிற்க வேண்டும். கால்வாய் வறண்டால் கடைமடை நெல் கருகும். பத்துமணிப்பூவோ சித்திரை வெயிலில் சில நாள் நீரின்றியும் வாடுவதில்லை. ஏன்?

உணவு தயாரிக்கக் கரியமில வாயு தேவை. அதற்காக இலைத்துளைகள் திறந்தால் நீராவி வெளியேறும். நெல்லைவிடக் குறைந்த நீர்ச் செலவில் உணவு தயாரிக்கும் ‘சி-4’ முறை பத்துமணிப்பூவிடம் உண்டு. வறட்சி வந்தால் இரண்டாவது முறையும் சேரும்: இரவில் வாயுவை ஏற்று, மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் பயன்படுத்தும். இவ்விரு முறைகளும் ஒரே செடியில் அமைவது அரிது. பருப்புக்கீரையில் இவை ஒரே உயிரணுக்களில் நிகழ்வதை 2022இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்.

நீங்களும் சோதிக்கலாம். இரு தொட்டிகளில் பருப்புக்கீரை வளருங்கள். ஒன்றுக்கு ஒரு வாரம் நீர் விடாதீர்கள். இரண்டிலிருந்தும் விடியற்காலையிலும் மாலையிலும் இலை பறித்து, உடனே நசுக்கி, சாற்றை பி.எச். தாளில் தொட்டுப் பாருங்கள். எதில் அமிலம் மிகுதி? எப்போது? குறித்து வையுங்கள்.

வறட்சி தாங்கும் பயிரைத் தேடுவோர் இக்குடும்பத்தை ஆராய்வதன் காரணம் அப்போது விளங்கும்.