ஆழாக்குப் பயறு எத்தனை கிராம்?

கேள்வி: பழைய சமையல் குறிப்புகளில் பயறும் பருப்பும் ஆழாக்கு, உழக்குக் கணக்கில் வருகின்றன. கடையிலோ கிலோக் கணக்கு. முகந்து அளக்கும் வழக்கம் எப்படி வந்தது? ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எப்படி?

பதில்: நெல்லையும் பயற்றையும் முகந்து அளப்பதே தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி அல்லது படி, 8 படி ஒரு மரக்கால். தராசு பெரும்பாலும் பொன்னுக்கும் மணிக்கும் உரியதாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் இந்தப் பிரிவினை தெரிகிறது: நெல் அளக்க ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால், பொன் நிறுக்க அதே பெயரில் ஓர் எடைக்கல். பொன் எடைக்கு அடிப்படையான குன்றிமணியும் மஞ்சாடியும் அவரைக் குடும்பத்து விதைகள் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஒரு நாழியில் 14,400 நெல், 14,800 பயறு, 1,800 அவரை என்று பழைய வாய்பாடு ஒன்று சொல்லும். கலம் ஒன்றாக இருந்தாலும் பொருளுக்குப் பொருள் கணக்கு வேறு என்பதை அதை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். இன்றைய கிராம் கணக்குக்கும் அதுவே அடிப்படை.

எடை, அளவைத் தரச் சட்டம் 1956இல் வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ கட்டம் கட்டமாகக் கடைகளுக்குள் நுழைந்தது. அடுக்களையில் ஆழாக்கு நிலைத்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்னும்போது தேவைப்படுவது விகிதம்தான். ஒரே கலத்தால் இரண்டையும் அளந்தால் கலத்தின் கொள்ளளவு எதுவானாலும் மாவு சரியாக வரும். அரிசியும் உளுந்தும் கொள்ளளவுக்கு ஏறத்தாழ ஒத்த எடை உடையவை என்பதால் நிறுத்துப் போட்டாலும் விகிதம் பெரிதாக மாறாது.

கலத்தை நிரப்பிய பயற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றிடைவெளிதான். அதனால் தண்ணீரில் மூழ்கும் பயறுகூட ஒரு லிட்டர் கலத்தில் 800 கிராம் அளவே நிற்கிறது. ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறுவதால், முதலில் அதில் தண்ணீர் நிரப்பி நிறுக்க வேண்டும்; கலத்தின் எடையைக் கழித்தபின் எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர் அதன் கொள்ளளவு. அதை 0.8ஆல் பெருக்கினால் பயற்றின் எடை தோராயமாகக் கிடைக்கும். 200 மில்லிலிட்டர் ஆழாக்கில் காராமணி சுமார் 140 கிராம், ராஜ்மா 155, கொண்டைக்கடலை 170, பாசிப்பயறும் உளுந்தும் 175 கிராம் பிடிக்கும்.

இவை தலைவழித்து அளந்த கணக்கு. குவித்து அளந்தால் எடை கூடும். கலத்தைத் தட்டிக் குலுக்கினாலும் இடைவெளி குறைந்து கூடுதல் பயறு இறங்கும். சிறிய ஆழாக்கில் பெரிய கடலையை அளக்கும்போது கலத்தின் சுவரை ஒட்டி வெற்றிடம் மிகுவதால் கணக்கு இன்னும் தளரும். அத்தகைய பயற்றைப் பெரிய கலத்தில் அளப்பது நல்லது.

பயற்றின் கணக்கை அதன் மாவுக்கு ஏற்றவே கூடாது. சலித்துத் தளர்வாக நிரப்பிய கடலைமாவு அதே ஆழாக்கில் சுமார் 80 கிராம்தான் நிற்கும், முழுக் கடலையின் எடையில் பாதிகூட இல்லை. மாவாக்கும்போது காற்றிடைவெளி அவ்வளவு பெருகுகிறது. பஜ்ஜிக்கும் மைசூர்பாகுக்கும் மாவை நிறுத்து எடுப்பதே பாதுகாப்பு.

ஊறிய பயறு ஏறத்தாழ இரு மடங்கு எடை பெறும். நீர் வடித்த வெந்த பயறு, உலர்ந்த எடையைப்போல் 2 முதல் 2.5 மடங்கு. ஆகவே குறிப்பில் ‘ஒரு ஆழாக்கு கடலை’ என்று இருந்தால், அது உலர்ந்ததா, ஊறியதா, வெந்ததா என்பதை முதலில் பார்த்துவிட்டே கிராமுக்கு மாற்ற வேண்டும்.