வெயிலில் உழைக்கும் போனுக்கு

ஆட்டோ ஓட்டுநருக்கும் உணவு டெலிவரி செய்பவருக்கும் போன்தான் தொழில் கருவி. அதிலுள்ள லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த பேட்டரிக்கு முதல் எதிரி சூடு.

ஹேண்டில்பாரில் மாட்டிய போனை மேப்பும் திரை வெளிச்சமும் உள்ளிருந்து சூடாக்குகின்றன. மேலே சித்திரை வெயில். கூடவே பவர் பேங்கையும் செருகினால் சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டில் பேட்டரிக்குள் தேவையற்ற வேதிவினைகள் வேகமெடுத்து, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான். ஆகவே ஆர்டருக்குக் காத்திருக்கும்போது நிழலில் நின்று, உறையைக் கழற்றி, போன் ஆறியபின் சார்ஜ் போடுங்கள். பழகிய சாலையில் திரையை அணைத்துவிட்டு, குரல் வழிகாட்டலை மட்டும் கேட்டால் போதும். அவசரத்துக்குக்கூட ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே ஈரம் கோக்கும்.

முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். லித்தியம் அயான் பேட்டரிக்கு அது கெடுதல். 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. பல போன்களில் 80-இல் நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல், அணைத்து சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை அள்ளுபவரின் கை வெந்துவிடும். மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.