தலைவி மாறும்போது குழு உடையலாமா?



"புது ஊக்குநர் வந்ததும் எல்லாத்தையும் மாத்திட்டாங்க" என்ற பேச்சு நம்ம குழுக்களில் அடிக்கடி வருகிறது. பெங்களூரு இன்ஃபோசிஸ் கம்பெனியிலும் இப்படி நடந்தது.

1981-ல் மனைவி சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து கொடுத்த 10,000 ரூபாயை வைத்து, நாராயண மூர்த்தி ஆறு பேரோடு சேர்ந்து அதைத் தொடங்கினார். 2002 வரை அவரே தலைமை நிர்வாகி. சிக்கனமும் ஒளிவுமறைவு இல்லாத கணக்கும் அவர் வழி. அடுத்து மூன்று நிறுவனர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள்.

2014-ல் முதன்முறையாக வெளியிலிருந்து விஷால் சிக்கா வந்தார். புதுத் தொழில்நுட்பம், புதுக் கம்பெனிகளை வாங்குவது என்று வேகமாகப் போனார். அவருடைய சம்பளம், விலகிய அதிகாரிக்குக் கொடுத்த தொகை பற்றி மூர்த்தி வெளிப்படையாகவே கேள்வி கேட்டார். கசப்பு முற்றி, 2017 ஆகஸ்டில் சிக்கா விலகினார்.

வேகமும் வேணும், கணக்கும் வேணும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்க்காததுதான் நஷ்டம்.

நமக்குப் பாடம்:

1. பழைய ஊக்குநர் நோட்டு, பாஸ்புக், சாவி எல்லாவற்றையும் கூட்டத்திலேயே ஒப்படைக்கணும். பிறகு கேட்டால் யோசனை சொல்லலாம். அதிகாரம் பண்ணக் கூடாது.

2. புது ஊக்குநர் மாற்றம் செய்யும் முன் காரணம் சொல்லணும். கணக்குக் கேட்டால் கோபப்படக் கூடாது.

3. சந்தேகத்தைக் குழாயடியில் பேசாமல் கூட்டத்தில் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதணும்.

குழுவில் பேசுங்கள்: நம்ம குழுவில் அடுத்த ஊக்குநராக யாரைத் தயார் பண்ணுகிறோம்?