சாயமில்லாத நிறம் தேடிப் போகும் கண்ணுக்கு

கண்ணு, பாலிமர் துகளை அடுக்கி நிறம் வரவழைக்கும் வேலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்துவிட்டது. புத்தகத்தில் உள்ளதை நீயே படித்துக்கொள்வாய். மற்றதைச் சொல்கிறேன்.

1. முதலில் பார்க்கப் பழகு. தண்ணீர் பட்டால் மயிலிறகின் நிறம் போய்விடுவதை ராபர்ட் ஹூக் 1665-லேயே எழுதிவைத்தார். ஓபல் கல்லுக்குள் ஒரே அளவான சிலிக்கா உருண்டைகள் அடுக்கடுக்காக இருப்பது 1964-ல்தான் வெளியே தெரிந்தது. நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் கல்லும் சிப்பியும் இறகும் சேர்த்துவைத்து ஆராய்ந்தார். கருவிக்கு முன்னால் அவர்களுக்கு ஆசை இருந்தது. அது உனக்கும் இருக்கட்டும்.

2. உன் துகளை நன்றாகத் தெரிந்துகொள். அது பேரீச்சம்பழம் மாதிரி. நடுவில் கெட்டியான பாலிஸ்டைரின் கொட்டை, வெளியே குழைவான அக்ரிலேட் சதை. இரண்டையும் பிடித்துவைக்க இடையில் மெல்லிய ஓர் அடுக்கு. சூட்டில் சதை இளகி ஓடும், கொட்டை உருக்குலையாது. துகளின் விட்டம் 220 நானோமீட்டர் என்றால் பச்சை வரும். 250 என்றால் சிவப்பு. நடுவில் இருப்பது வெறும் 30 நானோமீட்டர். அளவில் ஏனோதானோ என்று இருப்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

3. மோனோமரைச் சொட்டு விடும்போது அவசரப்படாதே. பாலிமராக மாறும் மூலப்பொருள்தான் அது. பதறாத காரியம் சிதறாது என்பார்களே, இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. ரியாக்டரில் முதலில் நீர் தெளிவாக இருக்கும். பிறகு லேசாக நீலம் பாயும், அப்புறம் பாலாக வெளுக்கும். அதற்குப் பின் மோனோமரை மெல்ல மெல்லத்தான் விடவேண்டும். அப்போதுதான் அது இருக்கிற துகளின் மேலேயே போய்ப் படியும். என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று பம்ப்பின் வேகத்தைக் கூட்டிவிட்டான். பழைய துகளுக்கு நடுவே புதுசாகப் பொடித்துகள்கள் பிறந்துவிட்டன. பெரிதும் சிறிதும் கலந்தால் வரிசை எப்படி நிற்கும்? படலம் வெளிறிப்போய் வந்தது.

ஆனால் அந்தப் பையன் மறுநாள் காலையில் நோட்டைத் திறந்து, எத்தனை மணிக்கு எவ்வளவு கூட்டினேன் என்று மறைக்காமல் எழுதினான். அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பக்கம்தான் வழிகாட்டி ஆயிற்று. அவனை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

4. வெள்ளையாக இருக்கிறதே என்று சோர்ந்துபோகாதே. காய்ந்த பாலிமர் வெறும் வெள்ளை ரப்பர் துணுக்குகளாகத்தான் கையில் வரும். துகளெல்லாம் தாறுமாறாகக் கிடக்கும் நிலை அது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பல ஆண்டுகள் கூடி உழைத்தவர்கள் அந்தத் துகள்களை வரிசைப்படுத்தும் வித்தையைக் கண்டார்கள். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு இடையில் படலத்தை வைத்து, சூடான உருளைமேல் வளைத்து முன்னும் பின்னும் இழுப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் அடுக்குகள் கொஞ்சம் வழுக்கி, தம் இடத்தில் போய் உட்காரும். ஒரே அமுக்கில் முடிக்கப் பார்ப்பவருக்கு அந்தப் பளபளப்பு கிடைக்காது.

5. கரியை அளவோடு சேர். சுமார் 0.05 சதவீதம் நுண்கரித்தூள் போதும், சிதறித் திரியும் வெள்ளொளியை அது விழுங்கி நிறத்தை எடுத்துக்காட்டும். கொஞ்சம் கூடினாலும் படலம் இருண்டுவிடும்.

6. நல்ல கோணத்தை மட்டும் காட்டாதே. இந்தப் படலம் சாய்த்தால் ஒரு நிறம், நேராகப் பார்த்தால் ஒரு நிறம். அழகான படம் ஒன்றை எடுத்துப் போட்டு ஊரை மயக்கிவிடலாம். நீ அப்படிச் செய்யாதே, கண்ணு. விளக்கு எங்கே இருந்தது, எந்தக் கோணத்தில் பார்த்தாய், பின்னால் கறுப்புத் தாளா வெள்ளைத் தாளா, எல்லாவற்றையும் எழுது. மங்கலாக வந்த ஓரத்தையும் சேர்த்தே படமெடு.

7. முதல் சிவப்புப் படலம் கைக்கு வந்ததும் இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார். படலம் மெலியும், அடுக்குகள் நெருங்கும், சிவப்பு பச்சைக்கு நகரும். விட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்புகிறதா என்று கவனி. திரும்பாவிட்டால் பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு போதவில்லை என்று அர்த்தம். எது நடந்தாலும் அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.