ஜகாத்தும் வரியும்

"ஜகாத்தை முறையாகக் கொடுத்து விடுகிறோம், வீட்டு வரி, குடிநீர் வரியை ஏய்த்தால் என்ன பாவம்?" என்று தருமபுரிச் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார்.

அன்பர்களே! ஜகாத் பெற உரியோர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் (9:60) வரையறுத்துள்ளது. ஊருக்கெல்லாம் பொதுவான குழாய்க்கு அதைச் செலவிட முடியாதென்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஆனால் குழாயின்றி ஆகுமா? தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடு சிறுவர் பற்களைக் கறையாக்கியது. பெரியோர் எலும்பைத் தாக்கியது. அதற்காக 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் திறந்ததே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். செலவு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய். ஜப்பான் கடனும் அதில் அடங்கும். கடனை அடைப்பது நம் வரிப்பணமன்றோ?

கருவூலம் வறண்டால் பொதுத் தேவைக்காகச் செல்வந்தரிடம் நீதியான வரி பெறலாமென இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாத்திபீ (ரஹ்) கூறியுள்ளனர். கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களிடமே அவர்கள் அணிந்த துணிக்குக் கணக்குக் கேட்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. அவர்கள் சினவாது விளக்கினார்கள்.

வரியை ஏய்த்தவர் குழாயடியில் குடம் நிரப்புகையில், அண்டை வீட்டாரின் பங்கையல்லவா சுமந்து செல்கிறார்? ஆகவே முதலில் கொடுப்போம். பிறகு துணிந்து கணக்குக் கேட்போம். அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.