வண்டி சொன்ன செய்தி

புனே நகரை அடுத்த ஊர் சாங்வி. ஒரு பக்கம் பவனா ஆறு. மறு பக்கம் முளா ஆறு. பல ஊர்க்காரர்கள் இங்கே வந்து குடியேறி இருக்கிறார்கள். மராத்தி, இந்தி, தமிழ் என்று பல மொழிகள் தெருவில் கேட்கும்.

சாங்வியில் ஒரு சிறிய கேரேஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேஸ்திரி தமிழ்நாட்டில் இருந்து வந்தவர். முப்பது வருடமாக வண்டி வேலை பார்க்கிறார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்.

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்புதான் எழுத்துக் கற்றுக்கொண்டார். சொல்லிக் கொடுத்தவள் அவர் மகள். அவள் அவுந்த் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள்.

மஞ்சள் விளக்கு

ஒரு நாள் மாலை டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் வந்தார். முகத்தில் கவலை.

"அண்ணே, மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அணையவே இல்லை. ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றுகிறது. பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகிறது."

"வேறு எங்காவது காட்டினாயா, தம்பி?"

"காட்டினேன் அண்ணே. வண்டியின் கம்ப்யூட்டரே போய்விட்டதாம். மாற்ற 18,000 ரூபாய் ஆகுமாம். வீட்டில் வளையலை அடகு வைக்கச் சொல்கிறாள்."

மேஸ்திரி எஞ்சினை ஓடவிட்டார். காது கொடுத்துக் கேட்டார். சத்தத்தில் குறை இல்லை.

"இது காதுக்குப் பிடிபடவில்லை, தம்பி. வண்டியை இங்கே விட்டுப் போ. இரண்டு நாள் பொறு. வளையலை அடகு வைக்காதே."

வண்டிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

பழைய கார்களில் கார்புரேட்டர் இருந்தது. அதைத் திருகிச் சரிசெய்தால் போதும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில் நிலைமை மாறியது. எவ்வளவு பெட்ரோல் விடவேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. கை இல்லை. எஞ்சினில் பல இடங்களில் சென்சார்கள் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு சூடு? காற்று எவ்வளவு வருகிறது? எஞ்சின் எவ்வளவு வேகம்? இவற்றைச் சென்சார்கள் சொல்கின்றன. கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது.

வருகிற தகவல் தவறாகத் தெரிந்தால், கம்ப்யூட்டர் அதை ஒரு குறி எண்ணாக எழுதி வைக்கும். மஞ்சள் விளக்கையும் எரியவிடும். "எழுதி வைத்திருக்கிறேன், வந்து படி" என்பதே அந்த விளக்கின் பொருள்.

இந்த ஏற்பாடு புகையைக் குறைப்பதற்காக வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1988இல் இதைத் தொடங்கியது. 1996இல் அமெரிக்கா முழுவதும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஒரே மாதிரியான ஏற்பாடு கட்டாயமானது. இந்தியாவில் 2010இல் பாரத் 4 விதி முதலில் சில பெரிய நகரங்களுக்கு வந்தது. அவற்றில் புனேவும் ஒன்று. அந்த விதியோடு இந்த ஏற்பாடும் வந்தது. 2013இல் இதன் இரண்டாம் நிலை வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் 6 விதி நடப்பில் உள்ளது.

நடுவில் ஒரு துபாஷி

கம்ப்யூட்டர் எழுதியதை எப்படிப் படிப்பது? ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் இரண்டு வரிசையாக 16 துளைகள். வண்டி தன் செய்தியை அதன் வழியாகச் சொல்லும். ஆனால் வண்டியின் மொழி வேறு. லேப்டாப்பின் மொழி வேறு.

மராத்தி பேசும் காய்காரரும் தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியும் பேசும்போது, பேத்தி நடுவில் நின்று இருவருக்கும் சொல்வாள் அல்லவா? அதுபோல நடுவில் ஒரு சிறு பெட்டி வேண்டும்.

"அப்பா, அந்தப் பெட்டியை நாமே செய்யலாம். கிட்டாக விற்கிறார்கள்" என்றாள் மகள்.

"கடையில் தயாராகக் கிடைக்காதா, கண்ணு?"

"கிடைக்கும். விலையும் குறைவுதான். ஆனால் போலிகளும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு எல்லாக் கட்டளையும் புரியாது. நாமே செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பழுதானால் நாமே பார்த்துக்கொள்ளலாம்."

புனேவில் தப்கீர் கல்லி என்று ஒரு சந்து உண்டு. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த இடம். மகள் அங்கே போய்க் கிட்டை வாங்கி வந்தாள்.

பெட்டியில் இருந்தவை

துளையிட்ட பச்சை அட்டை ஒன்று. 28 கால் உள்ள சில்லு ஒன்று. இதுதான் மொழிபெயர்க்கும் சில்லு. 8 கால் உள்ள சிறு சில்லு ஒன்று. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் மூன்று கால் பொருள் ஒன்று. நிறக்கோடு போட்ட ரெசிஸ்டர்கள். கெப்பாசிட்டர்கள். எல்.இ.டி. விளக்குகள். லேப்டாப்புக்கு யு.எஸ்.பி. கம்பி. வண்டிக்கு 16 முனை பிளக்.

செய்முறைத் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் படித்துச் சொன்னாள். மேஸ்திரி தன் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார்.

நிறமும் ஓர் எழுத்து

ரெசிஸ்டர் மின்சாரத்தை மட்டுப்படுத்தும். அதன் அளவை நிறக்கோடுகள் சொல்லும். கருப்பு 0. பழுப்பு 1. சிவப்பு 2. ஆரஞ்சு 3. மஞ்சள் 4. பச்சை 5. நீலம் 6. ஊதா 7. சாம்பல் 8. வெள்ளை 9.

முதல் இரண்டு கோடும் எண்கள். மூன்றாவது கோடு எத்தனை சுழி என்று சொல்லும். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 4, 7, ஒரு சுழி. அதாவது 470 ஓம். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4, 7, இரண்டு சுழி. அதாவது 4,700 ஓம்.

சால்டரிங் வேலை

1. உயரம் குறைந்த பொருள்களை முதலில் வைத்தார்கள். சில்லுகளைக் கடைசியில் வைத்தார்கள்.

2. சால்டரிங் அயர்னின் நுனியால் காலையும் அட்டையையும் சேர்த்துச் சூடாக்கினார்கள். பிறகு ஈயக் கம்பியைத் தொட்டார்கள். ஈயம் உருகிப் பளபளப்பாகப் படிந்தது. உருண்டையாக நின்றால் பிடிப்பு இல்லை என்று பொருள்.

3. எல்.இ.டி.யின் நீளமான கால் பாசிட்டிவ். அதை மாற்றி வைத்தால் விளக்கு எரியாது.

4. சில்லின் ஒரு முனையில் சிறு பள்ளம் இருக்கும். அட்டையிலும் அதே குறி இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் சில்லு கருகிவிடும்.

5. சன்னலைத் திறந்து வைத்தார்கள். புகை மூச்சில் போகக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். ஈயம் விஷம்.

வண்டியில் மாட்டும் முன்

"நேரே வண்டியில் மாட்டிப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"வேண்டாம் அப்பா. நம் பெட்டியில் தப்பு இருந்தால் வண்டி கெடும்."

மல்டிமீட்டரை எடுத்தார்கள். பாசிட்டிவும் எர்த்தும் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒட்டவில்லை. பிறகு சிறு பியூஸ் போட்டு, தனி 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தார்கள். மூன்று கால் பொருளின் மறுபக்கம் 5 வோல்ட் வந்தது.

ஆனால் ஒரு விளக்கு மட்டும் மினுக்மினுக்கென்று மங்கலாக எரிந்தது.

மகள் சில்லைச் சந்தேகப்பட்டாள். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"கண்ணு, இங்கே மஞ்சள், ஊதா, பழுப்பு வரவேண்டும். சிவப்பு அல்லவா இருக்கிறது? ஒரு சுழி கூடிவிட்டது."

இரவு விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் ஒன்றுபோல் தெரிந்திருக்கின்றன. ரெசிஸ்டரை மாற்றினார்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

வண்டி பேசியது

மறுநாள் காலை. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் இருந்து கழற்றினார்கள். பெட்டியைச் சாக்கெட்டில் மாட்டிச் சாவியைத் திருப்பினார்கள். டாக்ஸித் தம்பியும் அருகில் நின்றார்.

திரையில் ஒரு குறி எண் வந்தது: பி 0118.

மகள் விளக்கினாள். "பி என்றால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி. 1 என்றால் பெட்ரோல், காற்றுக் கணக்கு. 18 என்பது, எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரின் இணைப்பில் மின்னழுத்தம் அதிகம் என்று சொல்கிறது."

"கம்ப்யூட்டர் செத்துப் போயிருந்தால் இப்படிப் பேசுமா?" என்றார் மேஸ்திரி. தம்பியின் முகம் தெளிந்தது.

அடுத்து, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று கேட்டார்கள். வண்டி ஓர் எண்ணை அனுப்பும். அதில் 40ஐக் கழித்தால் சூடு தெரியும். 123 வந்தால் 83 பாகை. வண்டி அனுப்பிய எண் 0. நாற்பதைக் கழித்தால்? சுழிக்குக் கீழே 40 பாகை!

தம்பி சிரித்துவிட்டார். "சாங்வியில் அவ்வளவு குளிரா? எஞ்சினைத் தொட்டால் கை சுடுகிறதே!"

ஏன் இப்படி? இந்தச் சென்சார் குளிரில் மின்சாரத்தை அதிகம் தடுக்கும். சூட்டில் குறைவாகத் தடுக்கும். வயர் விட்டுப்போனால் மின்சாரமே போகாது. கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று நினைக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று ஊற்றும். உண்மையான சூடு தெரியாததால், பாதுகாப்புக்காக விசிறியையும் நிறுத்தாமல் ஓட்டும்.

சென்சாரா, வயரா?

"அப்படியானால் சென்சாரை மாற்றிவிடலாமா, அண்ணே?"

"பொறு தம்பி. குறி எண் வீதியைத்தான் சொல்லியிருக்கிறது. வீட்டு எண்ணைச் சொல்லவில்லை. சென்சார் கெட்டாலும் இதே எண் வரும். வயர் அறுந்தாலும் இதே எண் வரும். சோதித்துப் பார்க்காமல் காசைச் செலவழிக்கக் கூடாது."

மேஸ்திரி சாவியை அணைத்தார். சென்சாரின் பிளக்கைக் கழற்றினார். சென்சாரின் இரண்டு முனையில் மல்டிமீட்டரை வைத்தார். சுமார் 300 ஓம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மறுபடி அளந்தார். இரண்டாயிரத்துக்கு மேல். சூட்டில் குறைவு, குளிரில் அதிகம். சென்சார் நல்லதுதான்.

பிறகு பிளக்கின் உள்ளே பார்த்தார். ஒரு முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வண்டி கழுவிய தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. களிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். முனையை நெருக்கி அழுத்தமாக மாட்டினார்.

எஞ்சினை ஓடவிட்டு மறுபடி கேட்டார்கள். வண்டி அனுப்பிய எண் 126. நாற்பது போனால் 86 பாகை. விசிறி தானாக நின்றது. அதன் பிறகுதான் குறி எண்ணை அழித்தார்கள். சாங்வியைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கு வரவில்லை.

"எவ்வளவு அண்ணே?"

"200 ரூபாய் கொடு, தம்பி."

தம்பி போன பிறகு மேஸ்திரி நோட்டை எடுத்தார். பெரிய எழுத்தில் எழுதினார்: "பி 0118. சென்சார் நல்லது. பிளக்கில் களிம்பு." அடுத்த முறை இதே எண் வந்தால், எங்கே முதலில் பார்ப்பது என்று தெரியும்.

நினைவில் வையுங்கள்

குறி எண்ணை அழிப்பது பழுது பார்ப்பது ஆகாது. காரணம் இருந்தால் விளக்கு மறுபடி எரியும்.

சாக்கெட்டின் 16ஆம் துளையில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். பெட்டியை மாட்டியே வைத்தால் பேட்டரி இறங்கும்.

வண்டி ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கக் கூடாது.

மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் காற்றுப் பைக்கு உரியவை. அவற்றில் கை வைக்கக் கூடாது.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

பழுது பார்க்கும் இடத்தில், "என்ன குறி எண் வந்தது? எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். "எப்படிச் சோதித்தீர்கள்?" என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

புதிய சொற்கள்

சென்சார் – சூடு, வேகம் போன்றவற்றை உணர்ந்து சொல்லும் கருவி.
துபாஷி – இரு மொழி தெரிந்து, நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர்.
களிம்பு – செம்பு, பித்தளை மீது படியும் பச்சைக் கறை.
ஓம் – மின்தடையின் அளவு.

விடை சொல்லுங்கள்

1. மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன பொருள்?
2. பழுப்பு, கருப்பு, சிவப்பு. இந்த ரெசிஸ்டரின் அளவு என்ன?
3. வண்டி 130 என்ற எண்ணை அனுப்பினால் தண்ணீரின் சூடு எத்தனை பாகை?
4. பி 0118 வந்ததும் மேஸ்திரி ஏன் உடனே சென்சாரை மாற்றவில்லை?

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் எந்தப் பொருளையாவது, காரணம் தெரியாமலே காசு கொடுத்து மாற்றியது உண்டா? அன்று என்ன கேள்வி கேட்டிருக்கலாம்? உங்கள் குழுவில் பேசுங்கள். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதுங்கள்.